பக்கத்து வீட்டுக் கழிவு, யார் தலையில?

சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க இந்த எபிசோடை ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வெச்சுட்டு, கை கழுவிட்டு வாங்க. ஏன்னா இன்னிக்கு விஷயம் செப்டிக் டேங்க்.

ஊர்ல தரைத்தளத்துல குடியிருந்தவங்களுக்கு இது புதுசு இல்லை. மழைக்காலத்துல பக்கத்து வீட்டு டேங்க் நிரம்பும். காம்பவுண்ட் சுவருக்கு அடியில கசிஞ்சு, நீங்க ஆசையா வெச்ச வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவுல வந்து நிக்கும். போய்ச் சொன்னா, "லாரிக்குச் சொல்லியிருக்கேன் தம்பி, நாளைக்கு வந்துரும்"னு பதில். அந்த நாளைக்கு மட்டும் வராது. டேங்க் அவருது, தோட்டம் உங்களுது. அப்போ நடுவுல ஓடுறது யாருது?

இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் தேட ஆரம்பிச்சு எழுநூறு வருஷத்துக்கு மேல ஆகுது. கதையின் பெரும்பகுதி லண்டனில் நடக்கிறது. வால் மட்டும் டெல்லி வரைக்கும் நீளுது.

1660 அக்டோபர் 20. லண்டனின் சீத்திங் லேன் தெரு. இங்கிலாந்து கடற்படை அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சாமுவேல் பீப்ஸ், தன் வீட்டு நிலவறையில் ஒரு ஜன்னல் வைக்கலாமா என்று பார்க்கக் கீழே இறங்கினார். காலை வைத்தார். வைத்த இடம் ஒரு மலக்குவியல். பக்கத்து வீட்டுக்காரர் டர்னரின் கழிப்பறைக் குழி நிரம்பி, சுவர் வழியாக இவர் நிலவறைக்குள் வந்துவிட்டிருந்தது. பீப்ஸ் அன்றாடம் டைரி எழுதுகிறவர். இதையும் ஒளிக்காமல் எழுதி வைத்தார். அந்த நேர்மைக்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

அவர் கழிப்பறையைக் குறிக்கும் வார்த்தை 'ஹவுஸ் ஆஃப் ஆபீஸ்'. அதாவது ஆபீஸ் வீடு. சிரிக்காதீங்க, நாம சொல்ற 'கக்கூஸ்' டச்சுக்காரங்க விட்டுட்டுப் போன வார்த்தை. பீப்ஸ் வழுக்கி விழப்பார்த்த அதே காலத்துல அவங்க நம்ம பழவேற்காட்டுல கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தாங்க.

அன்றைய லண்டன் வீட்டுக் கழிப்பறை எப்படி வேலை செய்தது? தரைக்கடியில் செங்கல்லோ கல்லோ வைத்துக் கட்டிய ஒரு குழி. தண்ணீர் மண்ணில் ஊறிப்போகும், மற்றது தங்கும். தங்கியதை ஆள் வைத்து அள்ள வேண்டும். அதற்குக் காசு. எனவே எல்லோரும் தள்ளிப்போட்டார்கள். வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்ததால், ஒருவரின் குழிக்கும் அடுத்தவரின் நிலவறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவர் இற்றுப்போனால், கதை முடிந்தது.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. லண்டன் நகரின் கட்டட விதிகள் இடைக்காலத்திலேயே தெளிவாகச் சொல்லின: குழிக்குக் கல்சுவர் இருந்தால் பக்கத்து நிலத்திலிருந்து இரண்டரை அடி தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றரை அடி. மீறினால் புகார் கொடுக்கலாம். மேயரும் மன்ற உறுப்பினர்களும் நேரில் வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். தவறு உறுதியானால் சரிசெய்ய வழக்கமாக 40 நாள் கெடு. நம்ம ஊர்ல கவுன்சிலர் வீட்டுக் கொல்லைக்கு வந்து டேப் வெச்சு அளக்குறத நினைச்சுப் பாருங்க.

அந்தப் பதிவேடுகளில் எனக்கு மறக்க முடியாத ஒருவர் ஆலிஸ் வேட். 1314இல் அவர் மீது புகார். மாடி அறையில் கழிப்பறை வைத்து, அதிலிருந்து ஒரு மரக்குழாயை மழைநீர் ஓடும் பொதுக் கால்வாயில் இணைத்துவிட்டார். கால்வாய் அடைத்துக்கொண்டது. அது யார் யார் வீட்டுக்கு அடியில் ஓடியதோ அவர்களெல்லாம் நாற்றத்தில் தவித்தார்கள். குழாயை எடுக்கச் சொல்லி உத்தரவானது. மழைநீர் வடிகால்ல திருட்டுத்தனமா கழிவுநீர் இணைப்பு குடுக்குற வேலை சென்னையில தொடங்கினது இல்லைன்னு இப்போ தெரியுது.

சரி, அள்ளினது யாரு? இந்த வேலைக்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். ராத்திரியில் மட்டும்தான் வேலை, ஊர் மூக்கைப் பொத்தக்கூடாதே. டர்னரின் குழி 1663 ஜூலையில் காலியானதையும் பீப்ஸ் குறித்திருக்கிறார். ஆட்கள் அவர் நிலவறையில் நின்று வேலை செய்தாலும், அள்ளியதை டர்னர் வீட்டு வழியாகத்தான் வெளியே கொண்டுபோனார்கள். அந்தத் திருப்தியோடு இவர் போய்ப் படுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் வேலைக்காரப் பெண் ஹன்னா இன்னும் தூங்கவே போகவில்லை. முற்றத்தையும் சமையலறையையும் கழுவிக்கொண்டிருந்தாள். டைரியில் அது ஒரே ஒரு வரி. ஆனா அன்னிக்கு ராத்திரி உண்மையில யார் தலையில விடிஞ்சதுன்னு அந்த ஒரு வரிதான் சொல்லுது.

நம்ம உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கி உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தித் தீர்ப்பளித்தது 2023இல். தேதியைப் பாருங்க: அக்டோபர் 20. பீப்ஸ் கால் வைத்த அதே தேதி, 363 வருஷம் கழிச்சு. தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அந்தத் தேதி நெஞ்சுல தைச்சுது.

திரும்ப லண்டன். 1704. டெனன்ட் எதிர் கோல்ட்வின் என்று ஒரு வழக்கு தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் முன்னால் வருகிறது. பீப்ஸ் பிரச்சினையேதான்: ஒருவரின் கழிப்பறைச் சுவர் பழுதாகி, கழிவு அடுத்தவர் நிலவறைக்குள் பாய்ந்துவிட்டது. எதிர்த்தரப்பின் வாதம் சாமர்த்தியமானது. சுவரைப் பழுதுபார்க்கும் கடமை தன் கட்சிக்காரருக்கு எங்கிருந்து வந்தது? ஒப்பந்தம் உண்டா? தொன்றுதொட்ட வழக்கம் உண்டா? மனுவில் அப்படி எதுவும் இல்லையே?

ஹோல்ட் அதை ஏற்கவில்லை. அவர் எடுத்துக்கொண்ட உவமை மாடு. உன் மாடு அடுத்தவன் வயலில் மேயாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. அதற்குத் தனி ஒப்பந்தம் தேவையில்லை. கழிவும் அப்படித்தான். யாருடைய அழுக்கோ அவரே அதைக் கட்டி வைக்க வேண்டும். நம்ம கிராமத்துல யார்கிட்ட கேட்டாலும் இந்தத் தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பாங்க. வெள்ளாடு வேலி தாண்டினா பஞ்சாயத்துல யார் பதில் சொல்லணும்னு எல்லாருக்கும் தெரியும். ஹோல்ட் அதைச் சட்டமாக்கி எழுதி வெச்சார், அவ்வளவுதான். ஆனா அந்த 'அவ்வளவுதான்' பெரிய விஷயம்.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1854க்கு வர வேண்டும். லண்டன் சோஹோ பகுதி, பிராட் தெரு. ஆகஸ்ட் கடைசியில் 40ஆம் எண் வீட்டில் ஒரு போலீஸ்காரரின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அம்மா துணிகளை அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு முன்பக்கக் குழியில் ஊற்றினாள். எந்த அம்மாவும் செய்கிற வேலை. குழந்தை செப்டம்பர் 2ஆம் தேதி இறந்தது. அதற்குள் தெரு முழுக்கக் காலரா. மொத்தம் 616 பேர் இறந்தார்கள்.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் அந்தத் தெருவின் அடிபம்பைச் சந்தேகித்ததும், செப்டம்பர் 8இல் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டதும் நிறைய பேர் கேட்ட கதை. குறைவாகப் பேசப்படுவது ஹென்றி வைட்ஹெட் என்ற அந்தப் பகுதிப் பாதிரியார். ஸ்னோ சொன்னதைப் பொய் என்று நிரூபிக்கத்தான் அவர் வீடு வீடாகப் போனார். விசாரிக்க விசாரிக்க அவரே மனம் மாறினார். கடைசியில் அந்தக் குழந்தையின் வீட்டுக்கு வந்து நின்றார். 1855இல் அங்கே தோண்டிப் பார்த்தபோது, குழியின் செங்கற்கள் இற்று உதிர்ந்திருந்தன. பம்புக் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. நடுவில் இருந்த மண் முழுக்கக் கழிவில் ஊறிக் கிடந்தது.

பம்பின் கைப்பிடியைக் கழற்றிய அதே நாளில் அந்த போலீஸ்காரரும் காலராவில் விழுந்தார். கைப்பிடி இருந்திருந்தால் அதே குழி, அதே கிணறு வழியாக இன்னொரு சுற்று ஆரம்பித்திருக்கக்கூடும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டுக்காரர்களுக்குக் கசிவு தெரியாது. பக்கத்துத் தெருக்காரருக்கும் தெரியாது. நாற்றம்கூட இல்லை. ஹோல்ட் காலத்துப் பிரச்சினை கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. "நான் வேணும்னு செய்யலை, எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொன்னால் சட்டம் என்ன செய்யும்?

அதற்கான பதில் கழிப்பறை வழக்கிலிருந்து வரவில்லை, லங்காஷயரில் ஒரு ஆலைக்காரர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. அந்தத் தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர். சட்டக் கல்லூரியில படிக்கிற ஃப்ரெண்ட்கிட்ட கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வாங்க. 1866இல் நீதிபதி பிளாக்பர்ன் சொன்னது இதுதான்: தப்பினால் கேடு செய்யக்கூடிய எதையும் உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தால், அது தப்பிப்பதால் வரும் சேதத்துக்கு நீயே பொறுப்பு, நீ கவனமாக இருந்தாயா இல்லையா என்பது கேள்வியில்லை. அவர் அடுக்கிய உதாரணங்களில் மாடு மேய்ந்த வயலும் வருகிறது, பக்கத்து வீட்டுக் கழிப்பறையின் அழுக்கு புகுந்த நிலவறையும் வருகிறது. 1868இல் பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்தது.

அந்த விதியில் விலக்குகள் இருந்தன. இயற்கைச் சீற்றம், வேறொருவர் செய்த செயல் என்று தப்பிக்க வழி உண்டு. 1985 டிசம்பரில், போபாலுக்குப் பின் ஓராண்டில், டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. எம். சி. மேத்தா வழக்கில் 1986இல் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, அபாயகரமான தொழில் நடத்துபவர்களுக்கு அந்த விலக்கு எதுவும் கிடையாது என்றது. லண்டன் நிலவறையில் ஆரம்பித்த வாதம் இங்கே வந்துதான் இவ்வளவு கறாரானது.

ஆனால் எல்லாப் பாதையும் ஏறுமுகம் இல்லை. லண்டனின் வடமேற்கில் ஸ்டான்மோர், நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற ஹாரோ பக்கம். 1992 முதல் அங்கே ஒரு வீட்டுக்காரரின் தோட்டத்தில் பெருமழை பெய்யும்போதெல்லாம் மழைநீரும் கழிவுநீரும் ஏறி நின்றது. இந்தத் தடவை குற்றவாளி பக்கத்து வீடு இல்லை. பாதாளச் சாக்கடை போட்ட காலத்தில் அது போதுமானதாக இருந்தது. பிறகு வீடு மேல் வீடு அதில் இணைந்தது. இணைப்புக் கேட்பவருக்கு மறுக்கும் உரிமை நிறுவனத்துக்குச் சட்டப்படி இல்லை. ஆக, மேட்டில் இருக்கும் அத்தனை வீட்டுக் கழிவும் பள்ளத்தில் இருக்கும் ஒருவர் தோட்டத்தில்.

அவர் தேம்ஸ் வாட்டர் மீது வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2003இல் பிரபுக்கள் சபையில் தோற்றார். எந்தத் தெருவுக்கு முதலில் புதிய குழாய், அந்தச் செலவை யார் தாங்குவது என்பதெல்லாம் ஒழுங்குமுறை அமைப்பு முடிவு செய்ய வேண்டியது, தனிமனித வழக்கில் நீதிமன்றம் தீர்க்க முடியாது என்பது காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பின் தர்க்கம் புரியுது, ஏத்துக்கத்தான் முடியலை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்னா ஹோல்ட் உங்களைக் காப்பாத்துவார். ஆயிரம் பேர்னா நீங்க மனு எழுதிக்கிட்டு வரிசையில நிக்கணும். அந்த மனுஷன் அதற்குள் தன் கைக்காசில் சுமார் 16,000 பவுண்டு செலவு செய்து, வீட்டைச் சுற்றித் தனியாக வடிகால் போட்டிருந்தார்.