ஆண்டவரை அறியாத ஆயன்: இறைவாக்கில் பாரசீகர்



சேரப்பணஞ்சேரி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் ஷிப்டு வேலைக்குச் செல்லும் நம் மக்களில் பலர், கிறிஸ்துவை அறியாத மேலாளர்களின் கீழ் பணிபுரிகிறவர்கள். அத்தகையோர் வழியாகவும் கடவுள் தம் மக்களுக்கு நன்மை செய்வாரா? இக்கேள்விக்குத் திருவிவிலியம் ஒரு பெயரையே பதிலாகத் தருகிறது. அது சைரசு என்னும் பாரசீக மன்னரின் பெயர்.

கி.மு. 587-இல் எருசலேம் வீழ்ந்தது. கோவில் எரிக்கப்பட்டது; மக்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டனர். எழுபது ஆண்டுகளுக்குப் பின் திரும்புவர் என எரேமியா (29:10) அறிவித்திருந்தார். மீட்பவர் தாவீதின் குலத்தில் தோன்றுவார் என்றே மக்கள் காத்திருந்திருப்பர். ஆனால் எசாயா நூலோ (44:28, 45:1) சைரசை ஆண்டவரின் ஆயன் என்றும், திருப்பொழிவு பெற்றவர் என்றும் அழைக்கிறது. எபிரேயத்தில் இச்சொல் 'மெசியா'. பழைய ஏற்பாட்டில் பிற இனத்து மன்னர் ஒருவருக்கு இப்பட்டம் கிடைத்தது இங்கு மட்டுமே. அதே பகுதியில், சைரசு தம்மை அறியாதவர் என்று ஆண்டவர் இருமுறை குறிப்பிடுவதும் கவனத்திற்குரியது. இதைக் கேட்டவர்கள் முணுமுணுத்தனர் போலும்! குயவனோடு வழக்காடும் களிமண்ணைப் பற்றி அடுத்த வசனங்களிலேயே (45:9) இறைவாக்கினர் பேசுகிறார்.

கி.மு. 539-இல் சைரசு பாபிலோனைக் கைப்பற்றினார். அடுத்த ஆண்டு யூதர் திரும்பிச் செல்லவும், கோவிலைக் கட்டவும் ஆணையிட்டதை எஸ்ரா நூல் கூறுகிறது. ஆகாய், செக்கரியா ஆகியோரின் தூண்டுதலால், தாரியு மன்னர் காலத்தில், கி.மு. 515-இல் கோவில் பணி முடிந்தது.

1879-இல் பாபிலோனில் கண்டெடுக்கப்பட்டு, இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள சைரசின் களிமண் உருளை வேறொன்றையும் காட்டுகிறது. அதில் அவர் தம் வெற்றிக்கு மார்துக் என்னும் பாபிலோனியத் தெய்வத்தையே புகழ்கிறார். யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆண்டவரை அவர் அறியாதவர் என்று எசாயா நூல் சொன்னது சரியே.

இதனால் பாரசீகப் பேரரசு புனிதமாகிவிடவில்லை. தானியேலின் காட்சியில் (8:20) மேதியாவும் பாரசீகமும் இரு கொம்புள்ள ஆட்டுக்கிடாய். கிரேக்க வெள்ளாட்டுக்கிடா அதை முறித்துப்போடுகிறது. எஸ்தர் நூலில் யூதரை அழிக்கும் ஆணை வெளியாவதும் பாரசீக அரண்மனையிலிருந்துதான்.

எசேக்கியேல் 38:5-இல் கோகின் படையோடு பாரசீகமும் வருகிறது. ஈரானைப் பற்றிய போர்ச் செய்தி வரும்போதெல்லாம் இந்த வசனம் கைப்பேசிகளில் சுற்றி வருவதை நாம் காண்கிறோம். இதற்கு நாம் இடம் கொடுக்கலாகாது. திருவெளிப்பாடு (20:8) கோகு, மாகோகு என்னும் பெயர்களை மண்ணுலகின் நான்கு திசை மக்களுக்கும் பொதுவாக்குகிறது. எந்த நாட்டையும் தனியே சுட்டவில்லை. மேலும், ஈரானில் இன்றும் அர்மேனிய, கல்தேயக் கிறிஸ்தவர்கள் வாழ்கின்றனர். அவர்களும் நம் உடன்பிறப்புகள் அல்லவா?

பெத்லகேமுக்கு வந்த ஞானிகளின் நாட்டை மத்தேயு கூறவில்லை. அவர் பயன்படுத்தும் 'மாகோய்' என்னும் கிரேக்கச் சொல் பாரசீகக் குருக்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கி.பி. 614-இல் பாரசீகர் பாலஸ்தீனத்தின் மீது படையெடுத்தபோது, பெத்லகேம் ஆலயத்தில் பாரசீக உடையில் தீட்டப்பட்டிருந்த ஞானிகளைக் கண்டு அதை இடிக்காமல் விட்டனர் என்பது மரபு. அதே படைதான் எருசலேமிலிருந்து திருச்சிலுவையைக் கவர்ந்து சென்றது. பெந்தகோஸ்து நாளில் பேதுருவின் சொற்களைக் கேட்ட கூட்டத்தில் பார்த்தியரும் மேதியரும் ஏலாமியரும் இருந்தனர் (திப 2:9).

அந்நாட்டுத் திருச்சபையின் சுவடு நம் செங்கல்பட்டு மறைமாவட்டத்திலேயே இருக்கிறது. பரங்கிமலை ஆலயத்தின் பீடத்தில் உள்ள கற்சிலுவை 1547-இல் போர்த்துகீசியர் மலைமேல் தோண்டியபோது கிடைத்தது. திருத்தூதர் தோமாவே அதைச் செதுக்கினார் என்பது மக்கள் நம்பிக்கை. அறிஞர்கள் அதைப் பிற்காலத்தது என்கின்றனர். அதைச் சுற்றியுள்ள எழுத்து பகலவி, அதாவது இடைக்காலப் பாரசீகம். 1873-இல் பர்னெல் என்னும் ஆங்கிலேய அறிஞர் அதைப் படித்து வெளியிட்டார். பின்வந்தவர்களின் வாசிப்புகள் வேறுபடுகின்றன. கோட்டயம் பெரிய பள்ளியிலும் இதைப் போன்ற சிலுவைகள் உண்டு.

டிசம்பர் 18 திருவிழாவுக்கு மலை ஏறும்போது பீடத்தின் அருகே சற்று நின்று அந்த எழுத்துகளைப் பாருங்கள். சைரசு பேசிய மொழியின் வழித்தோன்றல் அது.