ஐஸ்லாந்தின் குளிர்கால மாலைகள்

ஐஸ்லாந்தின் பழைய பண்ணை வீடுகளில் குளிர்கால மாலை கம்பளி வேலைக்கும் வாசிப்புக்கும் உரியதாக இருந்தது. டிசம்பரில் ரெய்க்யவிக் நகரில் பகல் ஏறக்குறைய 4 மணி நேரந்தான். உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே அறையில் நடந்த அவ்வீடுகளில், குடும்பத்தாரும் பண்ணையாட்களும் மாலையில் கூடினர். கைகள் கம்பளியைச் சிக்கெடுத்தன, நூல் நூற்றன, பின்னின. ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து சாகா என்னும் பழங்கதைகளை உரக்கப் படித்தார். ரீமுர் என்னும் நெடும்பாடல்களை இராகத்தோடு ஓதினார். 'குவோல்த்வாக்கா' எனப்பட்ட இவ்வழக்கம் பல தலைமுறைகளுக்குப் பள்ளிக்கூடமாகவும் விளங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் முன்னோர் கதைகளை மனப்பாடமாக அறிந்திருந்தது இதனால்தான். தவக்காலத்தில் கவிஞர் ஹல்கிரிமுர் பியேதுர்சன் கிறிஸ்துவின் பாடுகளைப் பற்றி எழுதிய 50 பாசுரங்கள் (முதற்பதிப்பு 1666) ஒலித்தன.

அக்கம்பளியைத் தந்த அந்நாட்டுச் செம்மறியின் உரோமம் ஈரடுக்கானது: வெளியே நீரைத் தடுக்கும் நீள இழை, உள்ளே சூடு காக்கும் மென்மயிர். கழுத்தைச் சுற்றி வட்டக்கோலம் கொண்ட புகழ்பெற்ற 'லோப்பபெய்சா' கம்பளிச் சட்டை பழமையானதாகத் தோன்றினாலும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது.

மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும், 1930இல் வானொலி வந்ததும் கூட்டு வாசிப்பைக் குறைத்தன. ஆனாலும், இரண்டாம் உலகப்போரில் பல பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது தாள் ஓரளவு எளிதாகக் கிடைத்ததால், புத்தகமே கிறிஸ்துமஸ் பரிசாயிற்று. 1944 முதல் பதிப்பாளர்கள் புதுநூல் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டனர். டிசம்பர் 24 இரவில் பரிசு நூலைப் பிரித்து வாசிப்பது அங்கே வழக்கமாயிற்று.