க்ளட்ச் பெடல் இல்லை... ஆனா க்ளட்ச் இருக்கு! டிராஃபிக்கில் ஸ்போர்ட்ஸ் கார் திணறுவது ஏன்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 405 ஃப்ரீவே என்று ஒரு சாலை. அந்நாட்டின் மோசமான நெரிசல் சாலைகளில் ஒன்று. மாலை 5 மணிக்கு அங்கே மாட்டினால் கார் ஓடாது, ஊரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே 2003-ம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்3 கார் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு 5 நொடி சொச்சம் போதும்.

முன்னால் இருக்கும் கார் பத்தடி நகர்கிறது. பக்கத்து லேனில் இருப்பவர் பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் அவரது சாதாரண ஆட்டோமேட்டிக் கார் தானாக நகர்ந்து போய் நிற்கிறது. எம்3 டிரைவரும் காலை எடுக்கிறார். கார் அசையவில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுகிறார். ஒரு குலுக்கல். உடனே பிரேக். மறுபடி அதே கதை. அரை மணி நேரத்தில் காருக்குள் ஏதோ தீய்ந்த வாடை.

வண்டியில் கோளாறா? இல்லை. அதன் கியர்பாக்ஸ் செய்யப்பட்ட விதமே அப்படித்தான்.

ஆட்டோமேட்டிக் மாதிரி இருக்கும், ஆனால் ஆட்டோமேட்டிக் இல்லை

அந்த எம்3 காரில் இருப்பது எஸ்எம்ஜி எனப்படும் கியர்பாக்ஸ். காருக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டே பெடல்தான். ஸ்டீயரிங் பின்னால் இரண்டு பேடில்கள். வலது பேடிலை இழுத்தால் கியர் கூடும், இடதை இழுத்தால் குறையும். கியர் லீவரை ஒரு பக்கம் தள்ளினால் காரே கியர் மாற்றிக்கொள்ளும். பார்ப்பவர்கள் 'ஆட்டோமேட்டிக்' என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அடியில் இருப்பது சாதாரண 6 கியர் மேனுவல் பாக்ஸ். அதே பல்சக்கரங்கள், அதே ஒற்றைக் க்ளட்ச். டிரைவரின் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை ஹைட்ராலிக் பம்பும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் இந்த வகைக்கு 'ஆட்டோமேட்டட் மேனுவல்' என்று பெயர்.

இந்த யோசனை பிறந்தது ரேஸ் டிராக்கில். 1989-ல் பிரேசில் கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் ஃபெராரி அணி, ஜான் பர்னார்டு வடிவமைத்த காரில் பேடில் கியரை முதன்முறையாக ஃபார்முலா 1 போட்டிக்குக் கொண்டுவந்தது. பயிற்சி ஓட்டங்களில் அடிக்கடி படுத்த கார் அது. கடைசிவரை ஓடுமா என்றே சந்தேகம். நைஜல் மான்செல் அதே காரில் ஜெயித்துவிட்டார்! 1997-ல் ஃபெராரி எஃப்355 மூலம் இது சாலைக்கு வந்தது. லம்போர்கினி, ஆடி, ஆஸ்டன் மார்ட்டின் எல்லாம் ஆளுக்கொரு பெயரில் இதையே பின்பற்றின. பிஎம்டபிள்யூவின் இரண்டாம் தலைமுறை எஸ்எம்ஜி 2001-ல் எம்3 காரில் வந்தது. வேகமான செட்டிங்கில் கியர் மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் 80 மில்லிசெகண்ட். கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு.

ரேஸ் டிராக்கில் காரை ஒரு தடவை கிளப்பினால் போதும், அதற்குப் பிறகு வேகம்தான். டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்கு நூறு தடவை கிளப்ப வேண்டியிருக்கும். இங்கதான் சிக்கலே.

7 கிலோமீட்டர் என்ற எல்லைக்கோடு

எஞ்சின் அணையாமல் இருக்க ஒரு குறைந்தபட்ச வேகத்தில் சுழன்றாக வேண்டும். எம்3 காரின் எஞ்சின் அந்த ஐடில் வேகத்தில் சுழலும்போது, முதல் கியரில், க்ளட்ச் முழுதாகப் பிடித்திருந்தால் கார் மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டரில் ஓடும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் ஒரே வழி, க்ளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்க வேண்டும். மேனுவல் கார் ஓட்டுபவர்கள் 'ஹாஃப் க்ளட்ச்' என்று சொல்வது இதைத்தான்.

நெரிசலில் கார்கள் நகரும் வேகம் என்ன? 3, 4, 5 கிலோமீட்டர். சரியாக அந்தக் கோட்டுக்குக் கீழே.

க்ளட்ச் வழுக்கும்போது என்ன நடக்கும்? இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். நின்ற காரைச் சமதரையில் கிளப்பும்போது காரின் ஓட்டத்துக்குப் போகிற ஆற்றலுக்கு ஏறக்குறைய சமமான அளவு க்ளட்ச் தட்டில் சூடாக வீணாகிறது. 1,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியை இப்படி ஒரு தடவை கிளப்பினால் ஒன்றும் ஆகாது. தட்டு ஆறுவதற்குள் அடுத்தது, அதற்குள் இன்னொன்று என்று போனால் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தத் தீய்ந்த வாடை அதுதான். தட்டு தேய்கிறது என்று கார் சொல்கிற பாஷை அது.

சாதாரண ஆட்டோமேட்டிக்கில் ஏன் இந்தத் தொல்லை இல்லை? அதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் இணைப்பது எண்ணெய். எண்ணெய் வழுக்கினால் சூடாகும், தேயாது. பிரேக்கை விட்டதும் கார் மெல்ல ஊர்வதும் அதனால்தான். எஸ்எம்ஜியில் அந்த ஊர்தல் கிடையாது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால்தான் க்ளட்ச் பிடிக்கத் தொடங்கும்.

மேனுவல் காரிலும் இதே க்ளட்ச்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மேனுவலில் க்ளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பது டிரைவரின் பாதத்துக்குத் தெரியும். கொஞ்சம் விட்டு, உருளவிட்டு, மறுபடி அமுக்கி சமாளித்துவிடுவார். எஸ்எம்ஜியில் அந்த உணர்வு டிரைவருக்கு இல்லை. கம்ப்யூட்டருக்கோ முன்னால் இருக்கும் லாரி இன்னும் மூன்றடிதான் நகரப்போகிறது என்பது தெரியாது. வலது கால் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு அது முடிவெடுக்கிறது. கால் தயங்கினால் க்ளட்சும் தயங்கும்.

அப்போ எப்படித்தான் ஓட்டுவது?

முதலில் மறக்க வேண்டியது, முன்னால் போகிற காரை ஒட்டிக்கொண்டே நகர்கிற பழக்கத்தை. இரண்டு கார் நீளத்துக்கு இடம் வரும்வரை நின்று, பிறகு ஒரே மூச்சில் கிளம்ப வேண்டும். ஆக்சிலரேட்டரைப் பயந்து பயந்து தொடாமல் நிதானமாக, ஆனால் உறுதியாக அமுக்கினால் க்ளட்ச் சீக்கிரம் முழுதாகப் பிடித்துவிடும். பிடித்த பிறகு காலை எடுத்துவிடலாம். முதல் கியரில் ஐடில் வேகத்திலேயே கார் உருளும், தேய்மானம் இல்லை. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், நடுவில் ஒருவர் வந்து சொருகிக்கொள்வார். புது க்ளட்ச் விலையோடு ஒப்பிட்டால் அது தாங்கிக்கொள்ளக்கூடிய அவமானம்தான்.

கியரைக் காரிடம் விடாமல் டிரைவரே பேடிலில் மாற்றுவது நல்லது. காரே மாற்றும் முறையில், மெதுவாகப் போகும்போது 1-க்கும் 2-க்கும் நடுவே அது ஊசலாடும். ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடும். கியர் கூட்டும் நொடியில் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தினால் அந்த ஆட்டம் பெருமளவு குறையும். மேனுவல் ஓட்டியவர்களுக்கு இது தானாக வந்துவிடும். ஆட்டோமேட்டிக்கிலேயே பழகியவர்களுக்குச் சில வாரம் பிடிக்கும்.

நீண்ட சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றிவிடலாம். கியரில் நிற்கும்போது ஹைட்ராலிக் அமைப்பு க்ளட்சைப் பிரித்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ரிலீஸ் பேரிங்குக்கு அது சுமை.

எல்லாவற்றையும்விட ஆபத்து மேட்டில்தான். சரிவில் நின்றபடி, பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை லேசாக அமுக்கிக் காரைத் தாங்கிப் பிடிப்பது பலருடைய வழக்கம். டார்க் கன்வெர்ட்டர் காரில் இது சரிப்பட்டு வரும். இந்தக் காரில் முழு எடையையும் வழுக்கும் க்ளட்ச் சுமக்கிறது. சில நிமிடங்களில் புகையே வரலாம். பிரேக்கைவிட்டு ஆக்சிலரேட்டருக்குக் கால் போவதற்குள் கார் பின்னால் உருளும் அபாயம் வேறு. மேட்டில் ஹேண்ட்பிரேக் போட்டு, க்ளட்ச் பிடித்து வண்டி முன்னே இழுப்பது தெரிந்த பிறகு விடுவிப்பதுதான் பாதுகாப்பு. நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். எஸ்எம்ஜியில் 'பி' என்ற பார்க்கிங் நிலையே இல்லை. கியரில் விட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

மேட்டில் ரிவர்ஸ் எடுத்து பார்க் செய்வது? முடிந்தால் வேறு இடம் தேடுங்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு

க்ளட்ச் தேய்ந்தால் புதிது போடலாம். போட்டபின் அது பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கான கருவி இல்லாத மெக்கானிக்கிடம் கொடுத்தால் கார் முன்பைவிட மோசமாகக் குலுங்கும். இன்னொரு பலவீனம் ஹைட்ராலிக் பம்ப். எம்3 காரின் டிரைவர் கதவைத் திறந்ததும் 'ஙொய்ய்' என்று ஒரு சத்தம் வருமே, அது பம்ப் அழுத்தம் ஏற்றுகிற சத்தம். பம்ப் மோட்டாரோ அதன் ரிலேவோ போய்விட்டால், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கியர் விழாது. கார் நடுரோட்டில் நின்றுவிடும். அப்போது டேஷ்போர்டில் எரியும் பல்சக்கர விளக்குக்கு ஓனர்கள் வைத்த செல்லப் பெயர் 'மரணச் சக்கரம்'.

சிலர் வெறுத்துப்போய் எஸ்எம்ஜியைக் கழற்றிவிட்டு க்ளட்ச் பெடலும் மேனுவல் லீவரும் பொருத்திக்கொள்கிறார்கள். அடியில் இருப்பது மேனுவல் பாக்ஸ் என்பதால் இது சாத்தியம்.

கார் நிறுவனங்களும் மாறிவிட்டன. 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 காரில் இரட்டைக் க்ளட்ச் கியர்பாக்ஸ் வந்தது. ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்கும், குலுக்கல் இல்லை. 2008-ல் எம்3 காருக்கும் அதுவே வந்தது. லம்போர்கினி அவென்டடார் மட்டும் 2022-ல் உற்பத்தி முடியும்வரை ஒற்றைக் க்ளட்சைக் கைவிடவில்லை.

நம்ம ஊர் ஏஎம்டி கார்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். 2014-ல் மாருதி சுசூகி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலான ஏஎம்டி, அடிப்படையில் எஸ்எம்ஜியின் சொந்தக்காரர்தான். மேனுவல் பாக்ஸ், ஒற்றைக் க்ளட்ச், பெடலை அமுக்க ஒரு இயந்திரம். ஸ்போர்ட்ஸ் காரின் வேகத்துக்காக இல்லாமல் குறைந்த விலைக்காக வந்தது என்பதுதான் வித்தியாசம். பல ஏஎம்டி கார்களில் பிரேக்கை விட்டதும் ஊரும் வசதி உண்டு. ஆனால் அந்த ஊர்தலும் க்ளட்சை வழுக்கவிட்டுத்தான் நடக்கிறது.

கோடை விடுமுறையில் மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைப்பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும்போது, ஏஎம்டி காரை ஆக்சிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காதீர்கள். ஹில் ஹோல்ட் வசதி இருந்தாலும் அது சில நொடிகளுக்குத்தான் பிடிக்கும், அதற்குள் கிளம்பிவிட வேண்டும். இல்லாத காரில் ஹேண்ட்பிரேக்தான் துணை. வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இருபது நிமிடம் ஆறவிட்டு மேலே ஏறுங்கள்.