வீதியில் ஏந்திய ஆயுதமும் பறிபோன உரிமையும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் வாயிலை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலையில் பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் நடக்கிறது. பதினான்கு கிலோமீட்டர் மலைவலம் வருவோருள் எவரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டி வருவதில்லை. வரலாம் என்ற எண்ணம்கூட எவர்க்கும் எழுவதில்லை. இந்த நிலை இயல்பாக அமைந்ததன்று. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒருபுறமாகவும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கும்பினிப் படை மறுபுறமாகவும் செங்கத்திலும், பின்னர் இவ்வூரிலும் மோதின. அந்நூற்றாண்டில் திருக்கோயிலின் மதில்களே கோட்டையாகப் பயன்பட்டன. ஆயுதம் நிறைந்திருந்த நிலம் ஆயுதமற்ற நிலமானது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

தமிழகத்தில் இதன் தெளிவான தொடக்கம் 1801ஆம் ஆண்டு. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதைத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், மக்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஈடாகக் கும்பினியின் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்டது. பாளையக்காரனின் பாதுகாப்பில் இருந்தவன் அரசின் பாதுகாப்புக்கு மாறினான். மாறும்போது தன் வேலையும் வாளையும் வாயிலில் வைத்துவிட்டு வர நேர்ந்தது.

அடுத்த கட்டம் அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாயிருந்த மலபாரில் நிகழ்ந்தது. மாப்பிள்ளைமார் இடுப்பில் வெளிப்படையாகச் செருகிய போர்க்கத்தி ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. 1852இல் மம்புறம் சையிது ஃபஸல் தங்ஙள் அரபு நாட்டுக்குச் செல்ல நேர்ந்தது. 1854இல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் அக்கத்தியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. கலெக்டர் கானலி ஊர் ஊராகச் சென்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கத்திகளைத் திரட்டினார். 1855 செப்டம்பரில் அவரே தம் இல்லத்தில் வெட்டிக் கொல்லப்பட்டார். குடியானவனுக்கும் ஜன்மிக்கும் இடையிலான நிலவழக்கு தீராதிருக்க, கத்தியை மட்டும் பறித்ததால் அமைதி பிறக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

லிட்டன் பிரபு காலத்தில் 1878இல் வந்த ஆயுதச் சட்டம் நாடு முழுமைக்கும் உரிமமுறையை விரித்தது. ஐரோப்பியருக்கு விலக்கு, இந்தியருக்கு உரிமம். இப்பாகுபாடே மக்களை வருத்தியது. 1887இல் சென்னையில் பத்ருத்தீன் தையப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸ், அச்சட்டத்தைத் தளர்த்துமாறு தீர்மானம் நிறைவேற்றியது. 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் பட்டியலிலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமை இடம்பெற்றது.

ஆயினும் விடுதலைக்குப் பின் அவ்வுரிமை அரசியல் சட்டத்தில் ஏறவில்லை. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அதற்கென ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. 19ஆம் பிரிவு குடிமகனுக்கு அளித்தது அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை. அறுபது ஆண்டுகளாகக் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று எனத் தோன்றலாம். பிரிவினையின் குருதி காயாத நாளில் ஆயுதம் தாங்கிய கூட்டங்களைக் கண்ட தலைமுறை அது என்பதை நாம் மறத்தலாகாது.

உரிமை அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ள அமெரிக்காவிலும் வெளிப்படையாக ஆயுதம் ஏந்துவது அவ்வுரிமையைச் சுருக்கியதுண்டு. 1967இல் காவல்துறையின் கொடுமையை எதிர்த்த கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர், துப்பாக்கிகளுடன் கலிஃபோர்னியச் சட்டமன்றக் கட்டடத்தில் நுழைந்தனர். அவ்வாண்டிலேயே குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையொப்பமிட்டார். பிற்காலத்தில் துப்பாக்கி உரிமை ஆர்வலர்கள் குண்டில்லாத கைத்துப்பாக்கியை இடுப்பில் தரித்துக் காப்பிக் கடைகளில் அமர்ந்தனர். 2012இல் அதற்கும் தடை வந்தது. வேறு பல மாநிலங்களில் அவ்வழக்கம் தொடர்ந்தது. 2022இல் உச்சநீதிமன்றம் வீட்டுக்கு வெளியேயும் ஆயுதம் தாங்கும் உரிமையை உறுதிப்படுத்தியது. எனினும் உரிமையைக் காட்டப்போய் உரிமையை இழந்த கலிஃபோர்னியக் கதை சிந்தனைக்குரியது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. குடகு மக்களுக்கு 1861 முதல் உரிமமுறையினின்று விலக்கு உண்டு. 2019இல் மைய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. திருவிழாவில் துப்பாக்கியைப் பூசித்து ஏந்தும் அம்மக்களிடமிருந்து எவரும் அதைப் பறிக்கவில்லை. மாப்பிள்ளையின் கத்தி அச்சமூட்டியது, குடகரின் துப்பாக்கி அச்சமூட்டவில்லை. வேற்றுமை ஆயுதத்தில் இல்லை, ஏந்தியவன்மேல் ஆட்சி கொண்ட ஐயத்தில் இருந்தது. ஆகவே வெளிப்படையாக ஏந்தும் ஆயுதத்தின் விலையை முதலில் செலுத்துவோர் ஐயத்துக்கு ஆளான எளியோரே.

இன்றைய இந்தியச் சட்டம் நடுவழியை நாடுகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி பொதுவிடத்தில் அது உறையினுள் இருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கொண்டாட்டத்தில் சுட்டுப் பிறர்க்கு ஆபத்து விளைப்பதையும் தண்டனைக்குரியதாக்கியது. இந்நெறி நமக்குப் புதிதன்று. பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் செல்பவர், எவர்க்கும் காயம் நேராதவாறு அவற்றின் முனைகளைப் பற்றிக்கொள்ள வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். ஆயுதம் வைத்திருப்பது அங்கே மறுக்கப்படவில்லை. வழியில் வருபவனின் உடல் அதனினும் மேலாக மதிக்கப்பட்டது.

மீண்டும் செங்கம் சாலைக்கு வருவோம். 1924 ஜூன் 26 இரவில் ரமணாசிரமத்துக் குடிலில் திருடர்கள் புகுந்தனர்; ரமணரையும் அடித்தனர். திருப்பித் தாக்க எழுந்த சீடர்களை அவர் தடுத்தார். காவல்துறையினர் பின்னர் வந்தனர். துறவியின் பொறுமையை எல்லாக் குடிமக்களிடமும் எதிர்பார்த்தல் முறையன்று. ஆயுதத்தை ஒப்படைத்த மக்களுக்கு அரசு தந்த வாக்கு பாதுகாப்பு. அவ்வாக்கு எல்லாச் சமூகத்தார்க்கும் ஒருபடித்தாகக் காக்கப்படும்வரை மட்டுமே ஆயுதமற்ற வீதி அமைதியான வீதியாக நிலைக்கும்.