காற்றில்லாத நாளின் அலை

இலங்கையின் கீழ்க்கரையில், பொத்துவிலை அடுத்திருக்கிறது அறுகம் குடா. மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் அங்கே காலைவேளையில் நிற்பவர் ஒரு முரணைக் காண்பார். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைத் தீவின் மறுபுறத்தில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய்க் கீழ்க்கரையைக் கடக்கும் காலம் அது. வானம் தெளிந்திருக்கும், வீசுகிற காற்றும் நிலத்திலிருந்து கடலை நோக்கியே வீசும். ஆயினும் குடாவின் தென்முனையில் அலைகள், யாரோ அளந்து அனுப்பியவைபோல, சீரான இடைவெளியில் வந்துகொண்டேயிருக்கும். முனையை நெருங்கியதும் ஆழம் குறைவதால் அலையின் ஒரு பக்கம் தளர, ஆழத்தில் நிற்கும் மறுபக்கம் முந்திச் செல்ல, முழு அலையும் முனையைச் சுற்றி வளைந்து, ஒரேயடியாகச் சரியாமல் சிறிது சிறிதாக மடிந்துகொண்டே போகும். அலைச்சறுக்கில் ஈடுபடுவோர் இத்தகைய இடத்தைப் 'பாயிண்ட் பிரேக்' என்கின்றனர். உலகின் பல மூலைகளிலிருந்து அவர்கள் அங்கு வந்து குவிவது இதற்காகத்தான்.

காற்றே எதிர்த்து வீசும்போது இந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன? தெற்கே ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடற்பரப்பில் சில நாள்களுக்கு முன் வீசி ஓய்ந்த புயலிலிருந்து. இதை இன்று எவரும் கைபேசியில் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனால் இந்த அறிவு கைக்கு வந்த வரலாறு எண்பது ஆண்டுகளைச் சற்றே தாண்டியதுதான். அது கடலோடிகளிடத்தில் தொடங்கவில்லை, போரில் தொடங்கியது.

வால்டர் மங்க் 1917இல் வியன்னாவில் பிறந்தவர். யூதக் குடும்பத்தினர். அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, கலிபோர்னியாவின் லா ஹோயாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் நார்வே நாட்டவரான ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப்பிடம் மாணவரானார். 1942இல் வட ஆப்பிரிக்கக் கரையில் படைகளை இறக்க நேச நாடுகள் ஆயத்தமாயின. அமெரிக்கக் கரையில் நடந்த ஒத்திகையை மங்க் கவனித்தார். அலை ஐந்தடியைத் தாண்டினால் தரையிறங்கு படகுகள் பக்கவாட்டில் திரும்பிக் கவிழத் தலைப்பட்டன. ஒத்திகை அன்றைக்கு நிறுத்தப்பட்டது. மொராக்கோவின் அட்லாண்டிக் கரையிலோ குளிர்காலத்தில் பெரும்பாலான நாள்களில் அலை ஆறடிக்கு மேல். நிறுத்திவைக்க அது ஒத்திகையும் அன்று. அப்படியானால் அலை தாழ்ந்திருக்கும் நாளை முன்கூட்டியே அறிய வேண்டும். ஆசிரியரும் மாணவருமாக அந்தக் கணக்கில் இறங்கினர்.

காற்றின் வேகம், அது வீசிய நேரம், அது தடையின்றி ஓடிய கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றையும் கொண்டு அலையின் உயரத்தையும் காலத்தையும் கணித்தனர். பின்னர் அது கரைக்கு வரும்வரை என்னவாகும் என்று கணித்தனர். ஸ்கிரிப்ஸில் இராணுவ வானிலை அலுவலர்கள் இம்முறையில் பயிற்றப்பட்டனர். 1944 ஜூன் 6 நார்மண்டி இறக்கத்துக்கான அலைக் கணிப்புக்குப் பயன்பட்டதும் இதுவே.

இங்கே ஒரு சிறு செய்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. கடலில் ஒரே வேளையில் சிறிதும் பெரிதுமாகப் பல அலைகள் எழுகின்றன. 'அலை உயரம் இவ்வளவு' என்றால் எதன் உயரம்? சராசரியைச் சொன்னால் படகோட்டிகள் சொன்ன அளவோடு பொருந்தவில்லை. அவர்கள் எப்போதும் கூடுதலாகவே சொன்னார்கள். அறிவியலாளர்கள் அவர்களைத் திருத்த முற்படவில்லை. உயர்ந்த மூன்றிலொரு பங்கு அலைகளை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால், அது படகோட்டிகள் சொன்ன அளவோடு ஒத்து வந்தது. அதையே அளவையாக வைத்துக்கொண்டனர். இன்றும் உலகெங்கும் வெளியாகும் அலை அறிக்கைகளில் காணும் எண்ணுக்கு அடிப்படை, கரை சேர அஞ்சிய படகோட்டிகளின் கண்தான்.

இங்கிலாந்திலும் இதே வேளையில் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் டீக்கன் தலைமையில் ஒரு குழு அலைகளைப் பதிவுசெய்து பகுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த நார்மன் பார்பரும், ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த ஃபிரிட்ஸ் அர்செலும் 1948இல் வெளியிட்ட கட்டுரை, கார்ன்வால் கரைக்கு வந்த அலைகளின் பிறப்பிடத்தைத் தென் அட்லாண்டிக் வரை தேடிச் சென்றது. அவர்கள் பயன்படுத்திய உண்மை எளியது. ஆழ்கடலில் நீண்ட அலை விரைவாகவும் குறுகிய அலை மெதுவாகவும் செல்லும். இருபது விநாடிக்கொரு முறை எழும் அலைக்கூட்டம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீட்டர் கடக்கும். பத்து விநாடி அலைக்கூட்டம் அதில் பாதிதான். புயலிடத்தில் ஒன்றாகப் பிறந்தவை வழியில் பிரிந்து, நீண்டவை முதலிலும் குறுகியவை பின்னருமாகக் கரை சேரும். இந்த இடைவெளியை அளந்தால் புயல் எவ்வளவு தொலைவில், எப்போது எழுந்தது என்று பின்னோக்கிச் சொல்லிவிடலாம்.

மங்க் இதைக் கடைசிவரை கொண்டுசெல்ல விரும்பினார். 1963இல் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை பசிபிக் முழுவதும் ஒரு கோடாக அளவை நிலையங்களை நிறுவினர். அவரே சமோவாவில் தங்கிப் பதிவுகளைக் கவனித்தார். அண்டார்க்டிகாவை ஒட்டிய புயலில் பிறந்த அலை, நிலநடுக்கோட்டைக் கடந்து, ஆற்றலை அதிகம் இழக்காமலேயே அலாஸ்காவின் கரையைச் சென்று சேர்ந்தது. அக்குழுவில் இருந்த கிளாஸ் ஹாசல்மன் பின்னாளில் அலைக் கணிப்பின் கணினி மாதிரிகளுக்கு அடித்தளமிட்டார். 2021இல் தட்பவெப்ப ஆய்வுக்காக இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

போர்க்கருவியாகப் பிறந்த அறிவை முதலில் தமதாக்கிக்கொண்ட பொதுமக்கள் அலைச்சறுக்கர்களே. கலிபோர்னியாவில் 1985இல் தொலைபேசி வழி அலை அறிக்கை தரும் 'சர்ஃப்லைன்' தொடங்கப்பட்டது. தென்கோளப் புயல்களைப் பின்தொடர்ந்து, எந்த முனையில் எந்த நாள் அலை எழும் என்று அதில் கணித்துச் சொன்னார் ஷான் காலின்ஸ். விளையாட்டுக்காக அறிவியலைத் தேடிப்போனவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே தென்கோள அலை வந்து மோதும் நம் கரைகளில் அந்த அறிவு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அறுகம் குடா முனையைச் சுற்றி வளையும் அதே குடும்பத்து அலைகள்தாம் கேரளக் கரைக்கும் கன்னியாகுமரிக் கரைக்கும் வருகின்றன. பருவமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில், காற்றோ மேகமோ இல்லாத நாளில், கடல் திடீரெனக் கரையேறி வீடுகளுக்குள் புகுவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று அழைத்துவந்தனர். திருடனைப்போலச் சொல்லாமல் வருவது என்று பொருள். 2012இல் யுனெஸ்கோ அச்சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இன்று அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது.

தமிழில் அலைக்குச் சொற்பஞ்சம் இல்லை. திரை என்கிறோம், தோலின் சுருக்கத்துக்கும் அதே சொல்தான். ஓதம் என்கிறோம். கச்சான், கொண்டல், சோளகம், வாடை எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயர் உண்டு. ஆங்கிலத்திலோ உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை 'சீ', தொலைவிலிருந்து வரும் நெடிய அலை 'ஸ்வெல்' எனப் பிரிந்து நிற்கின்றன. நம் செய்தித்தாள்கள் இரண்டையும் 'கடல் சீற்றம்' என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுகின்றன. சீற்றம் என்றதும் படிப்பவர் மனத்தில் எழுவது கருமேகமும் பெருங்காற்றும் நுரைக்கும் கடலும்தான். வெளியே வந்து பார்த்தால் வானம் நீலமாயிருக்கிறது, கடல் பளபளக்கிறது. எச்சரிக்கை பொய் என்று எவருக்கும் தோன்றும்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தில், கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கு முன்பே எச்சரிக்கை வெளியாகியிருந்தது. தென்கடலில் எழுந்த புயலின் அலை வருகிறதென்று கணித்தாகிவிட்டது. மங்கும் ஸ்வெர்ட்ரூப்பும் தொடங்கிவைத்த கணக்கு அன்றும் பிழைக்கவில்லை. அதன்பின் கள்ளக்கடல் என்ற சொல் தமிழ் நாளேடுகளிலும் இடம்பெற்றது. ஆனால் செய்தியில் அலையின் உயரம் மட்டும் இத்தனை அடி என்று வருகிறது. எத்தனை விநாடிக்கொரு முறை எழும் என்பது விடுபட்டுப்போகிறது. ஒரே உயரம் உடைய இரண்டு அலைகளில் பதினெட்டு விநாடி அலை, எட்டு விநாடி அலையைவிடப் பன்மடங்கு நீரைக் கரைமேல் ஏற்றிவிடும். அறுகம் குடாவில் பலகையோடு நிற்பவர் அந்த அறிக்கையில் முதலில் தேடுவது விநாடியைத்தான்.