கார் கூரையில் கோழிக்கூண்டு கம்பி

போன எபிசோடுல மழை சத்தம் கேட்டுச்சுன்னு நிறைய பேர் சொல்லியிருந்தீங்க. அதே மழையிலதான் என் காருக்குள்ளயும் தண்ணி. இடப்பக்க சீட்டுக்குக் கீழ கார்பெட்டை அழுத்தினா சொதசொதன்னு ஊறி வந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல பார்த்ததும் சொன்னாங்க, நாலு கதவு ரப்பரையும் மாத்தணுமாம். அந்தக் கடுப்புலதான் இந்த வரலாற்றைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல் தலைமுறைக் கார்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது, ஏன்னா கூரையே கிடையாது. 1919 வாக்கில் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்பது திறந்த கார்கள்தான். மழை வந்தா துணியை இழுத்து மூடிக்கணும். பத்தே வருஷத்தில் அது அப்படியே தலைகீழாகி, 1920களின் கடைசியில் மூடிய கார்களே பெரும்பான்மை. ஆனா "மூடிய" என்ற வார்த்தையை அப்படியே நம்பிடாதீங்க.

பக்கங்கள் இரும்பு, கூரையின் நடுப்பகுதி மட்டும் துணி! மரச்சட்டம் அடிச்சு, அதுமேல கோழிக்கூண்டுக்குப் போடுற கம்பி வலை, அதுமேல பஞ்சு, கடைசியா ரசாயனம் பூசிய துணி. ஒரு முழுக் கூரையை ஒரே துண்டாக அழுத்தி எடுக்கும் அளவுக்கு அகலமான எஃகுத் தகடு அப்போ சுலபமாகக் கிடைக்கவில்லை. வெயிலில் துணி காய்ந்து வெடிக்கும், ஓரத்தில் தண்ணீர் இறங்கும், உள்ளே மரம் உளுத்துப்போகும். வெளியே பார்த்தா கார் பளபளன்னு இருக்கும். நம்ம கோட்பேஸ் மாதிரியேதான்.

அகலமான தகடு உருட்டும் ஆலைகள் வந்த பிறகுதான் விடிவு. 1935 மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் "டரட் டாப்" என்று முழு எஃகுக் கூரையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாடியே வந்தாங்க. கூரை ஒழுகல் கதை கிட்டத்தட்ட அங்கே முடிஞ்சுது; கண்ணாடி, கதவு, வயர் நுழையும் ஓட்டைகள் எல்லாம் பாக்கி. கதவுக்கு மேல தண்ணியை ஒதுக்கிவிட ஒரு சின்னக் கால்வாய் இருக்குமே, பழைய அம்பாசடர்ல பார்த்திருப்பீங்க. 1980களில் காற்று எதிர்ப்பைக் குறைக்கணும்னு அதையும் மறைக்க ஆரம்பிச்சாங்க. பாரம் முழுக்க ரப்பர் தலையில்.

எனக்கு ஆச்சரியமான விஷயம் இதுதான். இன்றைய கார் தண்ணீரை முழுசாகத் தடுக்கப் பார்ப்பதே இல்லை. கதவுக் கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே இறங்கும். அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியாக வெளியேறும். சன்ரூஃப் இருந்தால் அதைச் சுற்றி ஒரு தட்டு, மூலைகளில் குழாய்கள். வைப்பருக்குக் கீழேயும் ஒரு தொட்டி. வடிகால் அடைச்சா தண்ணி உள்ளதான் வரும்.

எங்க தெரு மெக்கானிக் அண்ணன் கதவு ரப்பரைத் தொடவே இல்லை. "மழையே இல்லாம, ஏசி போட்டா மட்டும் நனையுதா தம்பி?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். அப்போ ஏசி வடிகால் இல்லை. தொட்டுப் பார்த்து பிசுபிசுப்பு இல்லை, இனிப்பு வாசனை இல்லை, அதனால கூலன்ட்டும் இல்லைன்னார். என்னை டார்ச்சோட உள்ள உட்கார வெச்சு, ஹோஸ்ல மெதுவாக, கீழிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி விட்டார். மேலிருந்து ஆரம்பிச்சா எல்லாம் நனைஞ்சு எது ஓட்டைன்னே தெரியாதாம். கதவு வரை ஒண்ணுமில்லை. வைப்பர் பக்கம் வந்ததும் டேஷ்போர்டுக்குக் கீழ சொட்டுச்சு.

மூடியைக் கழட்டினா ரெண்டு கைப்பிடி வேப்பிலை, மக்கிப்போய் வடிகாலை அடைச்சிருக்கு. நிரம்பின தண்ணி ஏசி காற்று இழுக்கும் வாய் வழியா இறங்கியிருக்கு. சுத்தம் பண்ண பத்து நிமிஷம். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தா அடியில பஞ்சு இன்னும் ஈரம், பக்கத்துலயே ஒரு வயர் கனெக்டர். அதைக் காய வெச்சு மாட்ட ரெண்டு நாள் ஆச்சு. வாடை மட்டும் இன்னும் போகல. ஏதாவது வழி தெரிஞ்சா மெயில் பண்ணுங்க.