கேர்ஷீல்டு லைஃப்

சிங்கப்பூரில் 2020 அக்டோபரில் தொடங்கப்பட்ட நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம். 1980இலோ அதற்குப் பிறகோ பிறந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 30 வயதில் (தொடக்கத்திலேயே அந்த வயதைக் கடந்திருந்தவர்கள் அப்போதே) தாமாகவே சேர்க்கப்படுவர்; விலக வழியில்லை. 2002இல் வந்த எல்டர்ஷீல்டு இதன் முன்னோடி. அதில் உதவித்தொகை ஐந்தாறு ஆண்டுகளில் நின்றுவிடும். இதிலோ இயலாமை நீடிக்கும்வரை, தேவையானால் ஆயுள் முழுவதும், மாதாமாதம் கிடைக்கும்.

நோயின் பெயரை இத்திட்டம் பார்ப்பதில்லை. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றையாவது பிறர் உதவியின்றிச் செய்ய முடியாதவரே தகுதி பெறுவர். பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தும் மற்றதால் சட்டை மாட்டிச் சாப்பிட்டு நடப்பவருக்குப் பணம் வராது. கடுமையான விதிதான். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் முதல் பரிசோதனைக்குக் கட்டணமில்லை.

2020இல் மாதம் 600 வெள்ளியாக இருந்த தொகை ஆண்டுதோறும் உயர்ந்து வந்துள்ளது. ஆனால் ஒருவரின் கோரிக்கை ஏற்கப்பட்டதும் அவருக்குரிய தொகை அப்படியே நிலைத்துவிடும். பணிப்பெண் சம்பளம், தாதிமை இல்லக் கட்டணம் என எதற்கும் செலவிடலாம். மருத்துவமனைக் கட்டணத்துக்கோ மெடிஷீல்டு லைஃப் என்ற தனிக் காப்புறுதித் திட்டம் உண்டு.

சந்தாவை மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்பிலிருந்து 67 வயதுவரை கட்டலாம். பெண்கள் நீண்டகாலம் வாழ்வதால் அவர்களுக்குச் சந்தா அதிகம். இந்த வேறுபாடு திட்டம் அறிமுகமானபோதே விமர்சிக்கப்பட்டது.